நாரை எச்சமும் நானூறு வாட்டும்

மாசி மாதத்தில் திருநெல்வேலிப் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் வண்டியை மரத்தடியில் நிறுத்தக் கூடாது. மேலே மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். தெரிந்தே, காலை நிழலுக்கு ஆசைப்பட்டு நிறுத்தினேன். அப்புறம் வெட்டவெளிக்கு நகர்த்திவிட்டு உச்சிப் பொழுதில் வேன் கூரையிலிருக்கும் சோலார் பேனல்களின் மீட்டரைப் பார்த்தால் 240 வாட். முந்தின நாள் அதே நேரத்துக்கு 320 காட்டியது. ஏணி போட்டு ஏறினேன். ஒரு பேனலின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எச்சம், காய்ந்து சுண்ணாம்பு பூசியது போல ஒட்டியிருந்தது. வேறு எதுவும் இல்லை.

கையளவு எச்சம் கால்வாசி மின்சாரத்தை எப்படித் தின்னும்?

பேனல் பார்ப்பதற்கு ஒரே கண்ணாடிப் பலகை. உள்ளே 36 சிலிக்கான் செல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். ஒரு செல் தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல், 36-ம் சேர்ந்து சுமார் 19 வோல்ட். கோத்த வரிசையில் எல்லாச் செல்லிலும் ஒரே அளவு கரண்ட்தான் ஓட முடியும். வாய்க்கால் நடுவில் அடைத்துக்கொண்டால் கடைமடை வயல் காய்வது போலத்தான். அதோடு நிற்பதும் இல்லை. மற்ற செல்கள் தள்ளும் மின்சாரம் மூடிய செல்லில் வெப்பமாக இறங்கும், செல் கருகவும் வாய்ப்பு உண்டு. அதற்காகத்தான் பேனலின் முதுகில் இருக்கும் சின்னப் பெட்டியில் 18 செல்லுக்கு ஒன்றாக பைபாஸ் டயோடு வைத்திருக்கிறார்கள். ஒரு செல் அடைத்தால் கரண்ட் அந்தப் 18 செல்லையும் விட்டுவிட்டுச் சுற்றிப் போய்விடும். என் வேன் கூரையில் 200 வாட் பேனல் இரண்டு, ஆக நான்கு கூட்டம். ஒன்று போனால் கால்வாசி. 320-ல் கால்வாசி 80, கணக்கு சரியாக வந்தது. ஈரத் துணியால் ஊறவைத்துத் துடைத்ததும் எண் பழைய இடத்துக்கே ஏறியது. கேரியர் கம்பியின் நிழல் விழுந்தாலும் இதே கதைதான். பேனலை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் முன் ஒரு நாள் முழுக்கக் கூரையில் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய 12 சீட் வேனை வாங்கி, படுக்கை, அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து வீடாக்கியிருக்கிறோம். (இப்படி மாற்ற ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் பதிய வேண்டும், அது தனிப் புராணம்.) ஃப்ரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு 500 வாட்-மணி, 28 வாட் ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் 280, விளக்கு, செல்போன், லேப்டாப் எல்லாம் 150. மொத்தம் ஆயிரத்துக்குள். நம் பக்கம் நாளுக்குச் சராசரி 5 மணி நேர முழு வெயில் என்று வைத்தால் 400 வாட் பேனல் தருவது 2000. வழியில் போகிற நஷ்டத்துக்கு முப்பது சதவீதம் கழித்தாலும் 1400 மிஞ்சும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று போதும். எல்லோரும் முதலில் கேட்பது ஏசி ஓடுமா என்றுதான். ஓடும், ஒரு மணி நேரம். அதற்குள் பேட்டரி காலி.

"திருநெல்வேலி வெயிலுக்குக் கரண்ட் கொட்டுமே" என்றும் சொல்வார்கள். கொட்டாது. செல்லுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. பேனலில் எழுதியிருக்கும் 200 வாட் என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை மதியம் தகரக் கூரைமேல் செல் 65 டிகிரியைத் தொடும். ஒரு டிகிரி ஏறினால் ஒரு செல்லின் வோல்ட்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். 36 செல், 40 டிகிரி: கிட்டத்தட்ட 3 வோல்ட் அவுட். நான் கண்ட மிகப் பெரிய எண் 390, அதுவும் குற்றாலத்துச் சாரலில். மழை நனைத்துக் குளிர்ந்த பேனல்மேல் மேகம் விலகிச் சூரியன் சட்டென்று விழுந்தது. நேர் வெளிச்சத்தோடு மேக விளிம்பு சிதறடித்த வெளிச்சமும் சேர்ந்துகொண்டது. ஒரே நிமிடம்தான்.

இந்த 3 வோல்ட்தான் என்னை முதல் மாதம் அலைக்கழித்தது. இரண்டு பேனலையும் பேரலலாக (வோல்ட் அப்படியே இருக்க, ஆம்பியர் கூடும்படி) இணைத்து, 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தேன். போக வர 10 மீட்டர். 21 ஆம்பியர் ஓடும்போது ஒயரிலேயே 0.9 வோல்ட் கரைந்தது. சூட்டில் 16-க்கு இறங்கிய பேனல் வோல்ட்டேஜ், பேட்டரிக்கு அளவாகச் சார்ஜ் தரும் கண்ட்ரோலர் பெட்டிக்கு வரும்போது 15. பேட்டரி நிறைய 14.4 வேண்டும், கண்ட்ரோலருக்கும் அதற்கு மேல் கொஞ்சம் இடைவெளி வேண்டும். உச்சி வெயிலில் சார்ஜ் தள்ளாடியது. அப்புறம் சீரிஸாக (ஆம்பியர் அப்படியே இருக்க, வோல்ட் கூடும்படி) மாற்றினேன். 32 வோல்ட், 10.5 ஆம்பியர். கரண்ட் பாதியானால் ஒயரில் சூடாகிப் போகும் நஷ்டம் கால்வாசி ஆகிவிடும். எம்பிபிடி கண்ட்ரோலர் 32 வோல்ட்டை இறக்கி, அதற்கு ஈடாக ஆம்பியரை ஏற்றிக்கொடுக்கும். விலை குறைந்த பிடபிள்யுஎம் வகைக்கு அந்த வித்தை தெரியாது. அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

பேனலைச் சாய்த்து வைப்பது பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாம் இருப்பது 8.7 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சியில் வரும். மார்கழியில்கூடப் படுக்கவைத்த பேனல் உச்சிப் பொழுதில் இழப்பது 15 சதவீதம்தான்.

கவலைப்பட வேண்டியது காற்றுக்கு. பேனலைக் கூரையில் ஒட்ட வைத்திருந்த என் பசை டப்பாவை வெல்டிங் பட்டறை அண்ணாச்சி பார்த்துவிட்டு, "ஆடி மாசம் பணகுடிப் பக்கம் வண்டிய ஓட்டிப் பாத்திருக்கியளா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றுக்காகத்தான் அங்கே அத்தனை காற்றாலைகள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பேனல்மேல் காற்றின் அழுத்தம் சுமார் 30 கிலோ எடைக்குச் சமம். எதிர்க்காற்று 40 சேர்ந்தால் 68 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கு, விசை இரண்டேகால் மடங்கு. ஆகவே பசையோடு அலுமினிய ஆங்கிளும் போல்ட்டும், கூரை ஓட்டைக்கு ரப்பர் வாஷரும். பேனலுக்கும் கூரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டோம். அடியில் காற்று ஓடினால் சூடும் குறையும்.

வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை பேனலை யாராலும் அணைக்க முடியாது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் சுவிட்சில் எழும் பொறி தானே அணையும். பேனல் தருவது டிசி, ஒரே திசையில் ஓடும் கரண்ட்; அதற்கு அந்தப் பூஜ்யம் கிடையாது. பொறி பிடித்தால் இழுத்துக்கொண்டே நிற்கும். அதனால் டிசி-க்கென்று உள்ள பிரேக்கர்தான் போட வேண்டும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். முதலில் பேட்டரியைக் கண்ட்ரோலரில் இணைத்து, அது தன் வோல்ட்டேஜைத் தெரிந்துகொண்ட பிறகே பேனல். முதன்முதலாக இணைத்த அன்று, அதுவரை இரண்டு பேனலையும் கோணிச் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தோம். மச்சான் மேலே ஏறிச் சாக்கை உருவினார். காலை ஒன்பது மணி. மீட்டர் பூஜ்யத்திலிருந்து 210-க்குப் போய் நின்றது.