கூரை கோணினால் கொக்கியைத் தொடாதீர்கள்

மடிப்புக் கூரை வைத்த பழைய காரில் கூரையை இழுத்து மூடுகிறோம். இடது பக்கம் முன்கண்ணாடிச் சட்டத்தில் கச்சிதமாக உட்காருகிறது, வலது பக்கம் மட்டும் ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கிறது. உடனே கை போவது கொக்கியின் திருகுக்குத்தான். நாலு சுற்று முடுக்கினால் கூரையும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் கொஞ்ச நாளில் துணி தையலில் விடும், இல்லையென்றால் சட்டத்தின் கம்பி ஒன்று வளைந்துபோகும். கோணல் அப்படியேதான் இருக்கும். கூரையில் தெரிகிற கோணல் பல நேரம் கூரையுடையதே இல்லை. காரின் உடம்பில் எங்கோ ஆரம்பித்து, கூரையின் முன்நுனியில் வந்து பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டுப் பின்புறத்திலேயே பட்டறை வைத்திருப்பவர்களிடம் முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் மடிப்புக் கூரை வடிவமான கேப்ரியோலே ஒன்று வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதன் தகரக் கூரை வடிவம் சிட்டி கோல்ஃப் என்ற பெயரில் இதே நாட்டின் யூட்டன்ஹேக் ஆலையில் 2009 வரை தயாரானது. அதனால் பிரேக், சஸ்பென்ஷன் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. கூரைச் சட்டத்தின் கதையே வேறு. கேப்ரியோலே வடிவத்தை 1979 முதல் 1993 வரை ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில் கார்மன் நிறுவனம் கட்டியது. அதன் சட்டத்துக்கு ஒரு கம்பி வேண்டுமென்றால் உள்ளூர் ஸ்கிராப் யார்டில் தேடிப் பயனில்லை. கையில் இருப்பதை நேராக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நேராக்க வேண்டுமானால் அது எப்படி மடிகிறது என்று தெரிய வேண்டும். கதவுக்குப் பின்னால், காரின் இரண்டு பக்கமும், ஒரு தடித்த இரும்புத் தாங்கி உடம்போடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். கூரையின் முழு எடையும் இந்த இரண்டு தாங்கிகளில்தான். அங்கிருந்து கிளம்பும் கம்பிகள் நான்கு நான்காகச் சேர்ந்து, நான்கு மூட்டுகள் கொண்ட சட்டங்களாக அசைகின்றன. ஒரே ஒரு கீல் போதாதா என்றால், போதாது. ஒற்றைக் கீலில் கூரை முழுநீளத்துக்கும் பெரிய வட்டமடித்துப் பின்னால் போய் நீட்டிக்கொண்டு நிற்கும். நான்கு மூட்டுச் சட்டத்தில் கம்பிகளின் நீளங்கள் வேறுவேறாக இருப்பதால், பின்பகுதி இறங்க இறங்க முன்பகுதியின் சாய்வும் மாறி, துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. தாங்கியின் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே 150 மி.மீ. தூரம் என்று வையுங்கள். தாங்கியிலிருந்து கூரையின் முன்விளிம்பு 1,200 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஒரு போல்ட் மட்டும் 1 மி.மீ. இறங்கினால், முன்விளிம்பு 8 மி.மீ. இறங்கும். கண்ணுக்கே தெரியாத நழுவல், முன்னால் வந்ததும் மழைத்தண்ணீர் தாராளமாக நுழையும் இடைவெளியாகிவிடுகிறது. இதோடு ஒவ்வொரு மூட்டிலும் தேய்ந்த ரிவெட்டின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். இது தெரிந்த பிறகு முன்நுனிக் கொக்கியைத் திருகிக்கொண்டிருப்பது வேடிக்கையாகத் தோன்றும்.

சரி, அந்த போல்ட் ஏன் இறங்கியது? அது இறங்காமலே இருந்திருக்கலாம், இறங்கியது கார் உடம்பாக இருக்கலாம். தகரக் கூரை உள்ள கார் ஒரு மூடிய பெட்டி. கூரையை வெட்டி எடுத்ததும் அது திறந்த தொட்டி. மூடிய வடிவத்துக்கும் திறந்த வடிவத்துக்கும் முறுக்கைத் தாங்குவதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 40 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. கனமும் உள்ள குழாயை நீளவாக்கில் ஒரே கோடாக வெட்டிப் பிளந்தால் போதும், முறுக்கை எதிர்க்கும் திறன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கார் வெறும் குழாய் இல்லைதான். கோல்ஃபில் நடுவே ரோல் பார் என்ற குறுக்கு இரும்பு வளைவு வேறு நிற்கிறது. ஆனாலும் நீளவாக்கில் பாரம் சுமப்பது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகள், பட்டறை மொழியில் சில். டர்பன் கடற்காற்றின் உப்பு முதலில் கை வைப்பதும் அங்கேதான். அந்தத் தகடு உள்ளிருந்து துருப்பிடித்தால் காரின் நடு தொய்யும். கதவின் பின்விளிம்பில் இடைவெளி மேலே குறுகி, கீழே அகலமாகும். தாங்கிக்கும் முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் உள்ள தூரமும் குறையும். உடனே, கூரை நீண்டுவிட்ட மாதிரி தெரியும். கூரை வளரவில்லை, கார்தான் குறுகியிருக்கிறது. ஒரு பக்கச் சில் மட்டும் தொய்ந்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் கோணும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பக்க ஜாக்கி இடத்தில் ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்வரை தூக்குங்கள். கதவு இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறினால் கூரை வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு வெல்டரைக் கூப்பிட வேண்டும். மாறவில்லை என்றால் டேப்பை எடுக்கலாம். இடது தாங்கி போல்ட்டிலிருந்து கண்ணாடிச் சட்டத்தின் வலது மூலை வரை ஓர் அளவு, வலது போல்ட்டிலிருந்து இடது மூலை வரை இன்னொன்று. இரண்டும் சமமென்றால் உடம்பு சதுரமாக இருக்கிறது, குற்றம் கூரையில். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் நேராகக் கூரைத் துணி மாற்றும் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது, துணியின் பிடியைத் தளர்த்திவிட்டு வெறும் சட்டத்தை மூடிப் பார்ப்பது.

“அண்ணே, கொக்கியப் போட்டு இழுத்தா வந்து உக்காந்துருமே?”

“கொக்கி பூட்டத்தான் தம்பி, இழுக்க இல்ல. கொக்கி போடாம தானா வந்து உக்காருதான்னு பாரு.”

இந்தப் பதிலில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. கொக்கி போடாமலே முன்விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இறங்கினால் சட்டத்தில் குறையில்லை. இறங்கவில்லை என்றால் முதலில் தாங்கி போல்ட்டைச் சுற்றிக் கூர்முனையால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும், பழைய இடத்துக்குத் திரும்ப அதுதான் வழி. பிறகு போல்ட்டைக் கழற்றாமல் தளர்த்தினால் போதும். பல கார்களில் துளை நீள்வட்டமாக இருக்கும், தாங்கி அதில் நகரும். ஒருவர் முன்விளிம்பைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்ள, மற்றவர் இறுக்க வேண்டும். உயரம் போதாவிட்டால் தாங்கிக்கு அடியில் மெல்லிய தகடு கொடுக்கலாம். தேய்ந்த ரிவெட்டைத் துளைத்தெடுத்து, வெண்கல வாஷரோடு போல்ட் போடலாம். பம்பு வைத்துத் தானே மூடும் கூரையில், அதைத் தள்ளும் இரண்டு சிலிண்டர்களில் ஒன்று சோர்ந்து ஒரு பக்கம் பின்தங்கினாலும் இதே கோணல் தெரியும். அதனால் பம்பை விடுவித்து, கையால் மூடிப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

சட்டம் மட்டும் நேராக நின்று, துணி ஏறியதும் கோணுகிறதா? கயிற்றுக் கட்டிலில் ஒரு மூலைக் கயிற்றை அதிகம் இழுத்தால் நல்ல சட்டமும் சாய்சதுரமாகிவிடும் அல்லவா, அதே சங்கதிதான். துணியைக் குறுக்கே தாங்கும் வளைந்த கம்பிகளான வில்களை இடைவெளி மாறாமல் பிடித்திருப்பவை நாடாப் பட்டைகள். அவை இழுபட்டாலோ, ஆணிகள் துருப்பிடித்துக் கழன்றாலோ வில் ஒரு பக்கம் சாயும். துணியின் ஓரத்துக்குள் ஓடும் மெல்லிய கேபிள் அறுந்தாலும் அந்தப் பக்கம் தொய்ந்துவிடும். வினைல் துணியென்றால் இன்னொரு தொல்லை. அதை இளக்கமாக வைத்திருக்கும் சேர்மானம் வெயிலில் மெல்ல வெளியேறி, துணி சுருங்கி விறைத்துவிடும். ஜோகன்னஸ்பர்க் போல 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் புற ஊதாக் கதிர் இன்னும் கடுமை. ஜூலைக் குளிரில் விறைத்த வினைலை மல்லுக்கட்டி மூடவே கூடாது. அரை மணி நேரம் வெயிலில் விட்டால் தானே நெகிழும்.

இப்போது கொக்கிக்கு வரலாம். விளிம்பு ரப்பர்மேல் ஒரு பத்து ராண்ட் நோட்டை வைத்துக் கூரையைப் பூட்டி, நோட்டை இழுத்துப் பாருங்கள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எல்லா இடத்திலும் ஒரே பிடிப்போடு உருவ வேண்டும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால், அங்கே ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொக்கித் திருகுக்கு இப்போது அரைச் சுற்றுக்குமேல் வேலை இருக்காது. கடைசியாகக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுப் பார்க்க வேண்டும். முன்மூலையில் நுழைந்த தண்ணீர் கண்ணாடித் தூணின் உட்புறமாக ஓடி ஓட்டுநரின் முழங்காலில் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே பிளவைத் தேடினால் கிடைக்காது.

இத்தனைக்கும் பிறகு, பின்னால் கூரை மடங்கி இறங்கும் பள்ளத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல மாடல்களில் அங்கிருந்து சிறு வடிகுழாய்கள் கீழே போகும். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் அங்கே தேங்கும் தண்ணீர் வழி தேடிச் சில்லுக்குள் இறங்கும், துரு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். டர்பனில் வெயில்கால மழை பிடிப்பதற்குள் தடித்த தூண்டில் நைலானை அந்தக் குழாய்களில் விட்டு ஒருமுறை குத்தி எடுத்துவிடுங்கள். கம்பி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும்.