முந்தானை போட்ட கோடு

எங்கள் பள்ளிக்கு, தொட்டு எழுதும் ஸ்மார்ட் போர்டு வந்த முதல் வாரம். ஏழாம் வகுப்பில் இலையின் படம் வரைந்து கொண்டிருக்கிறேன். நான் நரம்பு போட்ட இடத்தில் நரம்பு விழுந்தது. நான் தொடவே தொடாத இடத்தில் இன்னொரு கோடு தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. அழித்தேன், மறுபடியும் வந்தது. "டீச்சர், பேய் எழுதுது!" என்று ஒரு குரல் வர, வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. ஏற்காட்டுக் குளிரில்!

கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து, மெதுவாகச் சொன்னான்: "உங்க முந்தானை படுது டீச்சர்."

விஷயம் அவ்வளவுதான். எங்கள் போர்டின் சட்டத்து ஓரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் திரையின்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டே இருக்கும். கதிரை எது மறைத்தாலும் அது தொட்ட கணக்குதான். விரலா, பேனாவா, சேலைத் தலைப்பா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. பக்கத்திலேயே கரும்பலகை இருப்பதால் சாக்பீஸ் தூள் கீழ்ச்சட்டத்தில் படிந்தாலும் இதே கூத்துதான். ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலும் சில நேரம் கிறுக்கும். இப்போது காலையில் போனதும் உலர்ந்த துணியால் சட்டத்தை ஒரு துடைப்பு, மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்துவது, முந்தானையை இடுப்பில் செருகுவது. பேய் போய்விட்டது.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், இரண்டு நாள் பயிற்சியில் இதை யாரும் சொல்லவில்லை. அறுபது பேருக்கு ஒரு போர்டு. சொல்லித்தந்தவர் வேகமாகத் தட்டிக்கொண்டே போனார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தோம். நீச்சலை நோட்டில் எழுதிப் படிப்பது போலத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, என்னைவிட மூத்த ஆசிரியை ஒருவர் என் காதில் கேட்டார், "இதை ஆன் பண்றது எங்கேம்மா?" சத்தமாகக் கேட்க அவருக்குக் கூச்சம். ஐம்பது வயதுக்கு மேல் எங்களைப் போன்றவர்களுக்கு இயந்திரம் அவ்வளவு கஷ்டமில்லை. பிள்ளைகள் முன்னால் தடுமாறுகிறோமே என்ற கூச்சம்தான் பெரிய மலை. வீட்டில் மகளிடம் கேட்டால், "இதுகூடத் தெரியாதாம்மா?" என்று போனைப் பிடுங்கி அவளே செய்து கொடுத்துவிடுவாள். கற்றுத் தரமாட்டாள்.

முந்தானையைக் கண்டுபிடித்த பையனிடமே கேட்டேன். மாலை பஸ் வரும்வரை அரை மணி நேரம், வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. முதல் வாரம் பென்டிரைவில் இருந்து படம் திறப்பது, அடுத்த வாரம் ஓடும் வீடியோவின்மேல் எழுதுவது. அவன் பொறுமையான வாத்தியார். தப்பு செய்தால் கையைப் பிடுங்க மாட்டான், "மறுபடியும் பண்ணுங்க டீச்சர்" என்பான்.

மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2018இல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலிருந்து க்யூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் வீடியோ வரும், சிக்னல் இருந்தால். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்து எஸ்டேட் பக்கம் உள்ளே போனால் போனில் ஒரு கோடு தெரிவதே பெரிது. கல்வித்துறையின் எமிஸ் இணையப் பதிவில் வருகை போடவே பாறைமேல் ஏறி நிற்கிறோம். அதனால் சேலத்தில் வீட்டில் இருக்கும்போதே இரவில் அந்த வீடியோக்களை அரசின் திக்‌ஷா செயலியில் டவுன்லோடு செய்துவிடுவேன். அப்புறம் இணையம் இல்லாமலே ஓடும். மாலையில் கிளம்பும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. இடி மின்னலுக்கு மலை தூரமில்லை.

போனை போர்டோடு இணைப்பதற்கு முன்னால் வாட்ஸ்அப் அறிவிப்புகளையும் நிறுத்துங்கள். அமிலம், காரம் நடத்திக்கொண்டிருந்தபோது என் தங்கை அனுப்பிய செய்தி நாலடி அகலத்தில் வந்து நின்றது: "அக்கா, அடகு வெச்ச வளையலை எப்ப மீட்கப் போறே?" அன்றைக்கு முழுக்க எட்டாம் வகுப்பில் அதே பேச்சு. என் வளையல் போனால் போகிறது. மாணவர்களின் ஆதார் நகல், போட்டோ எல்லாம் இருக்கும் அதே போன்தான் அது என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஏஐயையும் விட்டுவைக்கவில்லை. நம் மலையைப் பற்றி ஒரு பத்தி கேட்டேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபி கொண்டுவந்ததைச் சரியாகச் சொன்னது. அதே பத்தியில் சேர்வராயன் மலையைத் தூக்கி மேற்குத் தொடர்ச்சி மலையில் வைத்துவிட்டது! கிழக்குத் தொடர்ச்சி மலை என்று ஆறாம் வகுப்புக் குழந்தைகளே திருத்தினார்கள். இப்போது அது எழுதித் தருவதை அச்செடுத்து, "தப்பு எங்கே?" என்று அவர்களிடமே கொடுக்கிறேன். நல்ல பயிற்சி அது.

இத்தனைக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான வித்தை ஒன்றே ஒன்று. வீடியோவை நிறுத்துவது. முதலில் போட்டுவிட்டு ஓரமாக நின்றுவிடுவேன். பிள்ளைகள் சினிமா பார்ப்பதுபோல் வாயைத் திறந்து பார்ப்பார்கள், கேள்வி கேட்டால் ஒன்றும் வராது. இப்போது நாலு நிமிட வீடியோவுக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஓடவிடுவேன்.

போன கோடையில் காபிப் பூவுக்கு இதைச் செய்து பார்த்தோம். கோடை மழை ஒன்று பெய்து ஒரு வாரம், பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள். அவர்களுக்கு இது பாடமே இல்லை, வாசலில் நடப்பது. மழைக்கு மறுநாள் ஒரு கிளையில் சிவப்பு ரிப்பன் கட்டினோம். தினமும் காலையில் ஒருவர் என் போனில் அதே கிளையை ஒரு படம். பத்துப் படத்தையும் போர்டில் வரிசையாக ஓட்டினேன். மொட்டு தடித்தது, நீண்டது, வெளுத்தது, விரிந்தது.

"டீச்சர், நிறுத்துங்க. ஒண்ணு பின்னாடி போங்க." தோட்டத்து வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். "இதுல பச்சையா இருக்கு, அடுத்ததுல வெள்ளை. எப்ப மாறுச்சு? ராத்திரியா, விடியற்காலையா?"

எனக்குத் தெரியவில்லை. "தெரியலை கண்ணு" என்றேன். அடுத்த மழைக்கு ராத்திரியும் ஒரு படம் எடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். டார்ச்சோடு போக யார் வீட்டு அப்பா வருவார் என்பதில்தான் இப்போது சண்டை.