டீகிளாசிஃபைட்: வகைப்படுத்தியதா, மந்தணம் நீக்கியதா?

2025 மார்ச் 18 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடியின் 1963 கொலை தொடர்பான பல்லாயிரம் பக்கங்களை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் வெளியிட்டபோது, இங்கே டெல்லி ஆர்.கே. புரத்தில் எங்கள் மேல்மாடி மாமாவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு தமிழ்ச் செய்தி வந்தது. தலைப்பு, 'கென்னடி படுகொலை: வகைப்படுத்தப்பட்ட ஆவணங்கள் வெளியீடு'. மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "யாரு வகைப்படுத்தினா? அகர வரிசையிலயா, தேதி வரிசையிலயா?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆங்கிலத்தில் 'டீகிளாசிஃபைட்' என்பதைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். கிளாசிஃபை என்ற சொல்லின் வேர் லத்தீன் 'கிளாசிஸ்'. சொத்துக் கணக்கைப் பார்த்து ரோமாபுரிக் குடிமக்களைப் பிரித்து வைத்த தட்டுகளுக்கு அந்தப் பெயர். பள்ளிக்கூட கிளாஸும் ரயில் கிளாஸும் அங்கிருந்து வந்தவையே. அரசாங்கம் ஒரு ஃபைலை கிளாசிஃபை செய்வது என்றால், இன்னின்னார் மட்டும் பார்க்கலாம் என்று அதற்கு டாப் சீக்ரெட், சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல் என ஒரு தட்டு ஒதுக்குவது. ஆங்கிலத்தில் தட்டைச் சொன்னாலே பூட்டும் புரிந்துவிடுகிறது, தமிழில் 'வகைப்படுத்திய' என்றால் நூலக அலமாரிதான் கண்ணில் வருகிறது. அதிலும் அந்தத் தலைப்பு, நீக்கியதைச் சொல்லும் 'டீ' என்ற முன்னொட்டையும் விழுங்கிவிட்டது, அதாவது பூட்டைத் திறந்த சேதியே காணோம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கமுக்கம்' நல்ல சொல், 'கமுக்கமா காரியத்தை முடிச்சுட்டான்' என்று இன்றும் பேசுகிறோம், ஆனால் அதில் கொஞ்சம் கள்ளத்தனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'மறைவு நீக்கிய ஆவணம்' என்று எழுதினால் கென்னடி விஷயத்தில் வம்பு, மறைவு என்றால் சாவும்தானே! தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் கான்ஃபிடென்ஷியலுக்குப் புழங்கும் 'மந்தணம்' எனக்குப் பிடித்தது. மாமா வேலை பார்த்த ஆபீசில் அதற்கு 'கோப்னீய' என்ற இந்தி முத்திரை. ரகசியக் கடிதம் என்றால் முத்திரை குத்தி ஒட்டிய உறையை, முகவரி மட்டும் எழுதிய இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புவார்களாம். அந்த இரண்டு உறையையும் கிழிப்பதுதான் டீகிளாசிஃபை. ஆகவே, 'மந்தணம் நீக்கிய ஆவணம்'.

இதில் இரண்டு குழப்பம் உண்டு. மந்தணம் நீக்கியது என்றால் யாருமே பார்க்காதது என்று அர்த்தமில்லை. மார்ச்சில் வந்தவற்றில் பெரும்பாலானவை முன்பே மையடித்த வரிகளோடு வெளியானவை, புதிதாகத் தெரிந்தது அந்த மைக்கு அடியில் இருந்த எழுத்துகள்தான். ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் 1961இல் கென்னடிக்கு எழுதிய குறிப்பில் ஒன்றரைப் பக்கம் கறுப்பாகவே இருந்தது, இப்போது திறந்தால் பாரிஸில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் உளவு நிறுவனமான சிஐஏவின் ஆட்கள் 128 பேர் என்று இருக்கிறது. கொலைக்கு இரண்டு வருடம் முந்தைய தாள், கொலையைப் பற்றி அதில் எப்படி இருக்கும்? ஆனாலும் அது 'கொலை ஆவணம்' என்ற கட்டில்தான் கிடக்கிறது.

அப்புறம், மந்தணம் வேறு, தனிநபர் விவரம் வேறு. முதலாவதை நீக்கும் அவசரத்தில் இரண்டாவதையும் மறைக்காமல் விட்டதால், உயிரோடு இருக்கும் பலரின் சமூகப் பாதுகாப்பு எண்கள் (அமெரிக்கர்களின் அடையாள எண்) சந்திக்கு வந்துவிட்டன.

மாமா அன்று ராத்திரியே அந்தத் தலைப்பைத் திருத்தி, 'மந்தணம் நீக்கிய ஆவணங்கள்' என்று குடும்ப குரூப்பில் போட்டார். காலையில் ஒரே ஒரு பதில் வந்திருந்தது: "மந்தணம்னா என்ன தாத்தா?"