பிரீமியரின் நாற்காலி எதன்மேல் நிற்கிறது?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில அரசமைப்புச் சட்டத்தைப் படித்தால், ஆட்சி நடத்துவது ஆளுநர்தான் என்று நினைத்துவிடுவோம். அமைச்சர்களை நியமிப்பவர் அவர், நீக்குபவர் அவர், மசோதாவுக்கு ஒப்புதல் தருபவரும் அவரே. நடைமுறையில், அமைச்சரவை கூடி முடிவெடுக்கும். பிறகு ஆளுநரும் அமைச்சர்களும் அமரும் நிர்வாகக் குழுவில் அந்த முடிவு கையெழுத்தாகிச் சட்ட வலுப் பெறும். அந்த ஆளுநரை, பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மன்னராக இருப்பவர் நியமிப்பதே மாநில முதல்வரான பிரீமியரின் பரிந்துரைப்படிதான். 1986-இல் வந்த ஆஸ்திரேலியச் சட்டத்துக்கு முன்பு இந்தப் பரிந்துரை லண்டன் அமைச்சர்கள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

வாக்குச்சீட்டில் பிரீமியர் பதவிக்கென்று தனி இடம் கிடையாது. 93 தொகுதிகளில் தொகுதிக்கொரு உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண்ணிட வேண்டும், வாக்களிப்பது கட்டாயம். பேரவையில் பெரும்பான்மை யாருக்கு இருக்கிறதோ அவரை ஆளுநர் அழைக்கிறார். பள்ளி, மருத்துவமனை, காவல்துறை, சாலை, ரயில் எல்லாம் அவருடைய அரசின் பொறுப்பு. பெரிய வரிகள் மட்டும் கான்பெராவிலுள்ள மத்திய அரசின் கையில் இருப்பதால், பணத்துக்கு மாநிலம் அங்கேதான் கை நீட்ட வேண்டும்.

மற்ற ஐந்து மாநிலங்களிலும் இரண்டு அவைகள் உண்டு, குயின்ஸ்லாந்தில் ஒன்றுதான். இங்கேயும் ஒரு மேலவை இருந்தது, அதன் உறுப்பினர்கள் ஆயுளுக்கும் நியமிக்கப்பட்டவர்கள். தன் மசோதாக்களை அவர்கள் தடுத்ததால் தொழிற்கட்சி அரசு 1917-இல் மேலவையை ஒழிக்க வாக்கெடுப்பு நடத்தியது, மக்கள் மறுத்துவிட்டார்கள். பிறகு அரசு தன் ஆட்களையே மேலவைக்குள் நிரப்பியது. அவர்கள் தங்கள் அவையை மூடத் தாங்களே வாக்களித்தார்கள்! 'தற்கொலைப் படை' என்று அவர்களுக்குப் பெயர். 1922-இல் மேலவை மறைந்தது. மக்கள் வேண்டாம் என்றதை இப்படிச் சாதித்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அது கூடிய சிவப்பு மன்றம் மாநிலத் தலைநகர் பிரிஸ்பேனில் இன்றும் இருக்கிறது; நிகழ்ச்சிகள் நடத்தப் பயன்படுகிறது.

மேலவை இல்லாத இடத்தில் பிரீமியரை யார் தட்டிக்கேட்பது? பேரவைக் குழுக்கள் மசோதாக்களை ஆராய்கின்றன, செலவுக் கணக்கைக் கேட்கின்றன. ஆனால் அவருக்கு உண்மையான பயம் சொந்தக் கட்சிக் கூட்டத்தில்தான்.

ஜோ பியல்கி-பீட்டர்சன் 1968 முதல் 19 ஆண்டுகள் பிரீமியராக இருந்தவர். 1987 நவம்பரில், தன்னை எதிர்த்த அமைச்சர்களைக் களையெடுக்க ஆளுநர் வால்டர் கேம்பெலிடம் போனார். அமைச்சரவையை மொத்தமாகக் கலைத்துத் தன்னையே திரும்ப நியமிக்கும்படி அவர் கேட்டதற்கு ஆளுநர் இணங்கவில்லை. பிறகு மூன்று அமைச்சர்களை மட்டும் நீக்கப் பரிந்துரைத்தார், ஆளுநர் நீக்கினார். அவர்களில் ஒருவர் மைக் அஹெர்ன். இரண்டே நாளில் கட்சி கூடி அதே அஹெர்னைத் தலைவராக்கிவிட்டது.

பியல்கி-பீட்டர்சனோ பதவியை விடவில்லை. கட்சிக்கு ஒரு தலைவர், ஆட்சிக்கு வேறொருவர் என்ற நிலை. அவரை நீக்கும் அதிகாரம் ஏட்டில் இருந்தும் கேம்பெல் அதைத் தொடவில்லை. பெரும்பான்மை யாருக்கு என்பது பேரவை சொல்ல வேண்டிய விஷயம் என்று காத்திருந்தார். டிசம்பர் 1 அன்று பியல்கி-பீட்டர்சன் தாமாகவே விலகினார். அதே நாளில் அஹெர்ன் பிரீமியரானார்.