வலையோடு வரும் அரிப்பு

“பத்து வருஷமாகத் தொட்டுப் புழங்கிய பொருள் திடீரென்று எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதற்கு வட கடல் மீனவர்களின் கைகளைவிட நல்ல உதாரணம் இல்லை.

பிரிட்டனுக்குக் கிழக்கே, நடுக்கடலில் டாகர் பேங்க் என்ற ஆழம் குறைந்த மணல்திட்டு இருக்கிறது. அங்கே இழுவலையைத் தூக்கினால் மீனோடு சேர்ந்து, வழவழவென்று கிளைவிட்ட பழுப்பு நிறக் கொத்துகளும் வரும். பார்த்தால் கடற்பாசி என்றே தோன்றும். ஆனால் அது விலங்கு. அதுவும் ஒன்றல்ல, ஒரு கூட்டம். அல்சியோனிடியம் டயாஃபனம் என்ற பிரையோசோவா. ஒரு லார்வா எங்காவது ஒட்டிக்கொண்டு, மொட்டு மேல் மொட்டாக விட்டுப் பெருகியதுதான் மொத்தக் கொத்தும். தனி உயிர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இதயம் கிடையாது. இரையை வடித்தெடுக்க வட்டமாய் விரியும் நீட்சிகள், வளைந்த ஒரு குடல், அவ்வளவுதான்.

இதை வெறுங்கையால் அள்ளி எறிகிறவருக்கு முதலில் ஒன்றும் ஆகாது. எனக்குப் பிடித்த இடமே இதுதான். அரிப்பைத் தருவது கந்தகம் கொண்ட ஒரு குட்டி மூலக்கூறு. இவ்வளவு சிறியதைத் தனியாகப் பார்த்தால் நோயெதிர்ப்பு மண்டலம் சட்டை செய்யாது. ஆனால் இந்த மாதிரி மூலக்கூறுகள் தோலின் புரதத்தில் ஒட்டிக்கொண்டால் நம் புரதமே அந்நியமாகத் தெரியும். தோலில் காவல் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதன் துண்டைப் பக்கத்து நிணநீர் முடிச்சுக்குத் தூக்கிப்போய், எதிரியை அடையாளம் காணும் வெள்ளை அணுக்களான டி செல்களிடம் காட்டும். பொருந்துகிற டி செல்கள் பெருகும். சில, அந்தப் பொருளை மறக்காத நினைவு செல்களாகத் தங்கிவிடும். வெளியே ஒரு தடிப்புகூடத் தெரியாது. இது முதல் மாதமே நடக்கலாம், பல வருஷம் கழித்தும் நடக்கலாம். அப்புறம் கொஞ்சம் பட்டாலே போதும்: ஓரிரு நாளில் கை சிவந்து, கொப்புளித்து, வெடிக்கும். பக்கத்தில் அதே வலையை இழுத்தவர் சும்மா இருப்பார். சிலர் இதனால் தொழிலையே விட்டிருக்கிறார்கள்.

பல பத்தாண்டுகள் மீனவர்களைப் படுத்திய அந்த மூலக்கூறை 1980-இல்தான் டென்மார்க் வேதியியலாளர்கள் கார்லே, கிறிஸ்டோஃபர்சென் அடையாளம் கண்டார்கள். இன்னொரு பிரையோசோவாவான புகுலா நெரிட்டினாவில் பிரையோஸ்டாட்டின் என்ற வேதிப்பொருள் கிடைத்த பிறகு புற்றுநோய், அல்சைமர் என்று சோதனைகள் வரிசை கட்டின. மருந்து வாசனை அடித்தால் வருகிற ஆராய்ச்சிப் பணம், மீனவர் கைச் சொறிக்கு அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை என்பது என் வருத்தம். இத்தனைக்கும் அரிப்பு வழக்கில் அகப்பட்ட அந்தக் குற்றவாளி மூலக்கூறு, ஆய்வகங்களில் தினமும் புழங்கும் டிஎம்எஸ்ஓ கரைப்பானுக்கு நெருங்கிய சொந்தம்.