எச்டி சேனல்: எதில் வரும், எவ்வளவு ஆகும், எதைக் கேட்டு வாங்கலாம்

போன தீபாவளிக்கு சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் சித்தி 43 இஞ்ச் டிவி வாங்கினார். மூன்றாம் நாளே போன் வந்தது. "பழைய டப்பா டிவியிலேயே படம் பளிச்சுனு இருந்துச்சு கண்ணு. இதுல முகமெல்லாம் அப்புன மாதிரி இருக்குது. கடைக்காரரு ஏமாத்திட்டாரா?"

கடைக்காரர் ஏமாற்றவில்லை. சித்தி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது சாதாரணச் சேனல். அதன் படத்தில் 720-க்கு 576 புள்ளிகள்தான் இருக்கும். எச்டி படத்தில் 1920-க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு. குறைந்த புள்ளிகளைப் பெரிய திரையில் இழுத்து விரித்தால் படம் மங்கத்தான் செய்யும். டிவி எச்டியாக இருப்பது மட்டும் போதாது. சேனலும் எச்டியில் வர வேண்டும், பெட்டியும் எச்டி பெட்டியாக இருக்க வேண்டும், பெட்டிக்கும் டிவிக்கும் நடுவே எச்டிஎம்ஐ வயர் போட்டிருக்க வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனை உள்ள பழைய வயரில் எச்டி வரவே வராது. சித்தி வீட்டில் இந்த மூன்றுமே பழசு.

முதலில் மொட்டை மாடி ஆன்டெனா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் கேட்கிறார்கள். கம்பி ஆன்டெனாவில் பார்த்த தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பை, முக்கியமான ஐம்பது இடங்களைத் தவிர மற்ற இடங்களில் 2022 மார்ச் 31-க்குள் நிறுத்திவிடுவதாக, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்தது. 2016-ல் தொடங்கிய டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்புக்குத் தமிழ்நாட்டில் தேர்வான நகரம் சென்னை. ஆக, சேலத்தில் ஆன்டெனா வைத்து எச்டி பார்க்கலாம் என்று யாராவது பூஸ்டர் விற்க வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்க டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கிய அரசின் டிடிஎச் சேவை அது, அதாவது செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டு டிஷ்ஷுக்கு வருவது. டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும், ரீசார்ஜ் கிடையாது. இதில் தூர்தர்ஷனின் எச்டி சேனல்கள் சில வருகின்றன. ஆனால் அவை படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்பெக்-4 என்ற புதிய வகையில் வருகின்றன. மலிவு விலையில் விற்ற பழைய எம்பெக்-2 பெட்டியில் அவை தெரியாது. பெட்டி வாங்கும்போதே "எம்பெக்-4, எச்டி" என்று கேட்டு வாங்குங்கள். சன் டிவி, விஜய் டிவி இதில் வராது. கட்டணச் சேனல் ஒன்று ஃப்ரீ டிஷ்ஷில் இலவசமாக வந்தால், அதை மற்ற எல்லா இடத்திலும் இலவசச் சேனலாக அறிவிக்க வேண்டும் என்று 2024 ஜூலையில், டிவி சேவைகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான டிராய் விதியே போட்டுவிட்டது.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு ஃப்ரீ டிஷ்தான் வசதி, கேபிள் இழுப்பது அங்கே பெரும்பாடு. நாகலூர் பக்கம் எங்கள் உறவுக்காரர் வீட்டில் டிஷ் வைக்கும்போது கூட இருந்தேன். ஃப்ரீ டிஷ் சிக்னலை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, கிட்டத்தட்ட 67 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்தப் பக்கம் வானம் திறந்திருக்க வேண்டும். காபித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரம் வீட்டை ஒட்டி நின்றால் சிக்னல் அடிபடும். டிஷ்ஷை நாலடி தள்ளி வைத்தாலே சரியாகிவிடுவதும் உண்டு. பனிமூட்டத்தால்தான் படம் போகிறது என்று அங்கே பலரும் நினைக்கிறார்கள். பனியை விடக் கொட்டும் மழைதான் சிக்னலை விழுங்கும். மழை விட்டதும் படம் தானாக வந்துவிடும், மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.

இனி பணம் கட்டிப் பார்க்கும் கேபிளும் தனியார் டிடிஎச்சும். பழைய அனலாக் கேபிளில் எச்டிக்கு வழியே இல்லாமல் இருந்தது. அரசு கேபிளுக்கு 2017 ஏப்ரலில் டிஜிட்டல் உரிமம் கிடைத்து, செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் லட்சக்கணக்கான வீடுகள் மாறின. அப்போது கொடுத்த பெட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணப் பெட்டிகள். உங்கள் பெட்டியின் பின்பக்கம் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எச்டி பெட்டி வேண்டும் என்று கேபிள்காரரிடம் கேட்க வேண்டியதுதான்.

கட்டண விதிகள் 2019 பிப்ரவரி 1 முதல் மாறின. அன்று முதல் எந்தச் சேனலையும் தனியாகக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் அதிகபட்ச விலையைச் சேனல் நிறுவனமே அறிவிக்க வேண்டும். கேபிள்காரரோ டிடிஎச் நிறுவனமோ அதற்குக் குறைத்து விற்கலாம், கூட்டி விற்கக் கூடாது. பல சேனல்களை ஒன்றாகக் கட்டி விற்பதுதான் பேக். அதில் சேர்க்கும் சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. 18 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்த்தால் 22 ரூபாய் 42 காசு. 19-க்கு மேல் விலை வைத்த சேனலைத் தனியாக மட்டுமே விற்க முடியும்.

சேனல் விலை போக, நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று உண்டு. பில்லில் என்சிஎஃப் என்று போட்டிருக்கும். 2020 மார்ச் முதல் 200 சேனல் வரை 130 ரூபாய், அதற்கு மேல் எத்தனை சேனலானாலும் 160 ரூபாய், வரி தனி என்று உச்சவரம்பு இருந்தது. அந்தக் கணக்கில் ஒரு எச்டி சேனல் இரண்டு சாதாரணச் சேனலுக்குச் சமம். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பை டிராய் எடுத்துவிட்டது. இப்போது நிறுவனங்களே தொகையை முடிவு செய்து வெளிப்படையாக அறிவிக்கலாம். இது மக்களுக்கு நல்லதாக எனக்குப் படவில்லை. ஒரே ஒரு கேபிள்காரர் மட்டும் இருக்கும் தெருவில், வேறு எங்கே போய் விலை கேட்பது?

எல்லோரும் பார்க்காமல் விடும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு சேனலின் எச்டியையும் அதன் சாதாரண வடிவத்தையும் ஒரே பேக்கில் போடக் கூடாது என்பது விதி. ஆனால் ஏற்கெனவே தமிழ் பேக் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதை நீக்காமல் மேலே ஒரு எச்டி பேக்கைச் சேர்த்தால் இரண்டும் ஓடும், இரண்டுக்கும் பணம் போகும். எங்கள் வீட்டிலேயே ஏழு மாதம் இப்படி இரண்டு தடவை கட்டியிருக்கிறோம். எச்டி சேர்க்கச் சொன்னபோது பழையதை எடுக்கவா என்று யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. இன்றைக்கே ரிமோட்டை எடுத்து, ஒரே சேனல் இரண்டு எண்களில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சாதாரண பேக்கை நீக்கச் சொல்லுங்கள். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றால் 999-ஐ அழுத்துங்கள், வாடிக்கையாளர் தகவல் சேனல் வரும்.

பேக் என்றாலே நஷ்டம் என்றும் சொல்ல மாட்டேன். பேக்கில் 45 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம். நாலைந்து சேனலுக்கு மேல் எச்டியில் பார்ப்பீர்கள் என்றால் பேக்கே மலிவாக வரலாம். இரண்டு சேனல் மட்டும் போதும் என்றால் தனியாக வாங்குங்கள்.

அப்புறம் கிரிக்கெட். இந்தியா ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்கள் டிடி ஸ்போர்ட்ஸில் ஓடுகின்றன என்று கேள்விப்பட்டு, கேபிளில் போட்டுப் பார்த்தால் ஆட்டம் வராது. பெட்டியில் கோளாறு இல்லை. தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. அப்படிப் பகிர்ந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழிக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான், தனியார் கேபிள், டிடிஎச் வழியாகப் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதனால்தான் மலையில் ஃப்ரீ டிஷ் வைத்திருக்கும் வீட்டில் ஆட்டம் இலவசமாக ஓடும்போது, சூரமங்கலத்தில் மாதம் முந்நூறு ரூபாய் கட்டுபவர் வீட்டில் வருவதில்லை.

கேட்டது கிடைக்கவில்லை, கேட்காததைச் சேர்த்துவிட்டார்கள் என்றால் முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகார் செய்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தில் தீராத புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அந்த எண்ணோடு எழுதுங்கள். டிராய் தனி நபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை, அங்கே எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

சித்தி வீட்டில் எச்டி பெட்டி மாற்றி, வயர் போட்டு, அவர் பார்க்கும் இரண்டு சேனலை மட்டும் எச்டியில் தனியாகச் சேர்த்தோம். அந்த இரண்டின் சாதாரண வடிவத்தையும் மறக்காமல் எடுக்கச் சொன்னேன்.