எலிக்கு ஊசியில், தம்பிக்கு டப்பாவில்

பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரேக் வந்ததும் சித்தி மகன் கைப்பேசியை நீட்டினான். ஜிம்முக்குப் போகிறவன். "அண்ணே, அர்ஜினின் குடுத்தா எலிக்குக் கணையம் வெந்துபோகுதாம். நான் தெனமும் அதத்தான் குடிக்கிறேன்." அர்ஜினின் ஓர் அமினோ அமிலம், அதாவது புரதத்தின் கட்டுமானக் கல். அவன் டப்பாவில் ஒரு கரண்டிக்கு 5 கிராம்.

செய்தி பொய்யில்லை. அளவைத்தான் அதில் சொல்லவில்லை. 1984இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில் எலியின் ஒவ்வொரு 100 கிராம் எடைக்கும் 500 மில்லிகிராம் வீதம் அர்ஜினினை வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தினார்கள். 250 கிராம் எலி என்றால் 1.25 கிராம், ஒரே குத்தில். அர்ஜினின் கரைசல் கடுமையான காரத்தன்மை கொண்டது. அதனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து அதன் பிஎச் அளவை நடுநிலையான 7க்குக் கொண்டுவந்த பிறகே ஊசியில் ஏற்றுவது வழக்கம். ஒரு நாளில் சேதம் தெரியும், மூன்றாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும். நொதி சுரக்கும் செல்கள்தான் சாகும். இன்சுலின் சுரக்கும் திட்டுகள் பெரும்பாலும் தப்பிவிடும். இரண்டு வாரத்தில் கணையம் தன்னைச் சீர்செய்துகொள்ளத் தொடங்கியிருக்கும்.

ஏன் கணையம் மட்டும் இப்படி அடிவாங்குகிறது? எடைக்கு எடை பார்த்தால், உடம்பில் புரதத்தை அதிகம் தயாரிக்கும் உறுப்புகளில் அது முன்வரிசையில் நிற்கிறது. இரத்தத்தில் வரும் அமினோ அமிலத்தை ஆவலோடு இழுத்துக்கொள்ளும். அது அளவு மீறும்போது, ஆக்சிஜனேற்ற அழுத்தம், புரதம் மடிக்கும் இடத்தில் நெரிசல், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுது என்று அடுத்தடுத்துச் சரிகிறது.

இனித் தம்பியின் கணக்கு. எலியின் அளவை அப்படியே பெருக்கினால் 70 கிலோ ஆளுக்கு 350 கிராம். உடற்பரப்பை வைத்து மாற்றும் வழக்கமான முறையில் போட்டாலும் ஏறக்குறைய 56 கிராம், அதுவும் ஊசியில். வாயால் குடிப்பதில் கணிசமான பங்கைக் குடலும் கல்லீரலும் வழியிலேயே எடுத்துக்கொள்ளும். அதற்காக அந்தத் தூளுக்கு நான் நற்சான்று கொடுக்கவில்லை. மனிதருக்கு இந்த நோய், அதாவது கணைய அழற்சி, பெரும்பாலும் பித்தப்பைக் கல்லாலும் மதுவாலும் வருகிறது. இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிகையாவதும் ஒரு காரணம்.

அப்படியானால் எலியை ஏன் வதைக்க வேண்டும்? வலி தாங்காமல் ஒருவர் மருத்துவமனைக்கு வருவதற்குள் முதல் சில மணி நேரம் கைநழுவியிருக்கும். எலியில் ஊசி குத்திய நிமிடத்திலிருந்தே கடிகாரம் ஓடுகிறது. 1896இல் ஹான்ஸ் கியாரி, கணையம் தன் நொதியாலேயே தன்னைச் செரித்துக்கொள்கிறது என்றார். குடலுக்குப் போய் விழித்துக்கொள்ள வேண்டிய டிரிப்சின் என்ற புரதம் செரிக்கும் நொதி, கணையம் என்ற வீட்டுக்குள்ளேயே விழித்துக்கொள்ளும் கதை அது. ஆனால் ஹங்கேரி நாட்டின் செகெட் ஆய்வாளர்கள் எலிக்கு லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை மிகையாகக் கொடுத்துப் பார்த்து 2011இல் வெளியிட்டது வேறு வரிசை: முதலில் பழுதானது மைட்டோகாண்ட்ரியா, டிரிப்சின் விழித்தது அதன் பிறகு. மருந்தை எங்கே குறிவைப்பது என்ற கேள்வி இந்த வரிசையில்தான் தொங்கி நிற்கிறது.

ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே தம்பி கேட்டான்: "எலிக்கு வலிக்காதாண்ணே?"

வலிக்கும். வலிநிவாரணி கொடுக்க வேண்டும் என்பது ஆய்வு நெறி. அந்த நிவாரணியே அழற்சியின் போக்கை மாற்றிவிடுமோ என்று ஆய்வாளர்களுக்குள் இன்னமும் வாக்குவாதம்.